வெயில் குடித்த நீருக்கு ஈடு

மண் குளிர்க. வான் வழங்குக. வான் வழங்கியதை இடைவழியில் மறித்துத் தம் பெயர் வெட்டி வைப்பார் இந்நாட்டில் இல்லாதிருக்க.

மருதங்கோட்டை அரியணைக்கு உரிய மன்னர் கடல் கடந்த போரில் இருக்க, அவ்வரியணையின் வலப்புறத்து இருக்கையிலிருந்து முறை வழுவாது நாடு காக்கும் பேரரசி செம்மனச்செல்வியாரின் திருமுகம், அல்லியாற்றுக் கீழ்நாட்டு நாட்டார் சபையார்க்கு எழுதப்பட்டது. சபையார்க்கும், சபைக்கு வெளியே வெயிலில் நின்று கேட்கும் கொடிக்கால் உழவர்க்கும், தம் கருத்துக் கேட்கப்படாமலே கோடை முழுதும் உழைத்த கமலை மாடுகளுக்கும் நலம் உண்டாகுக.

இத்திருமுகத்தைச் சுமந்து வருபவர் உங்கள் நாட்டதிகாரி, காவிதி நாகமாறனார். முத்திரையிட்ட குழலுக்குள் ஆணையோடு தமக்குரிய பட்டமும் இருக்கும் என்று அவர் வழிநெடுக எண்ணியிருக்கக்கூடும்; அவ்வெண்ணத்தை நாம் ஊட்டவில்லை, கலைக்கவும் இல்லை. சபை நிறைந்தபின் முத்திரையை உடைத்து, ஒரு சொல்லும் விடாமல், உரத்த குரலில் வாசிக்கக் கடவீர். வாசித்து முடியும் வரை காவிதியார் நிற்கக் கடவார். முழங்கால் வலி உண்டென்று முன்னொரு விண்ணப்பத்தில் அவர் எழுதியிருப்பதால், தூணைப் பற்றிக்கொள்ள இசைவளிக்கிறோம். ஊரார் பேசியவை ஊரார் பேசியவாறே இதில் எழுதப்பட்டுள்ளன. அவை நூல் வழக்கில் இல்லை என்பது நமக்கும் தெரியும். வாசிப்பவர் தம் புலமையைக் காட்ட அவற்றைத் திருத்த வேண்டா.

காரியமாவது:

மருதங்கோட்டையிலிருந்து கடல்துறைக்குச் செல்லும் பெருவழியில் சரளைக்கல் பரப்ப ஆணை பிறந்ததையும், அச்சரளையைக் கீழ்நாட்டின் வறண்ட மேட்டுக்காட்டில் வெட்டி எடுக்குமாறு அவ்வாணையில் எழுதியிருந்ததையும் சபையார் அறிவீர். சரளைக் குத்தகை ஏற்ற வணிகர் பொற்சாத்தனார் மேட்டுக்காட்டைப் போய்ப் பார்த்தார். மேடு ஏற வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஆற்றங்கரையைப் பார்த்தார். அங்கே எதுவும் ஏற வேண்டியிருக்கவில்லை; மேல்மண்ணைச் சற்றே விலக்கினால் சரளை தானே கூடைக்குள் விழுந்தது. உடனே அவர் காவிதியாரை அணுகி, மேட்டுச் சரளை கோழிக்குப் போடக்கூட உதவாதென்றும், ஆற்றோரச் சரளையோ அரசர் தேர் உருள்வதற்கென்றே இயற்கை உருட்டி வைத்ததென்றும் பணிவுடன் விளம்பினார். காவிதியார் இரண்டு சரளையையும் கையில் எடுத்துப் பார்த்தவர் அல்லர். ஆயினும் அரசர் தேர் என்ற சொல் செவிக்கு இனிமையாக இருந்ததால் இசைந்தார்.

அந்த இடம் எத்தகையது என்பதை அறியாதவர் பொருட்டு எழுதுகிறோம். அல்லியாற்றில் மழைக்காலம் கழிந்தபின் மேலே நீர் ஓடாது. மணலுக்கு அடியில், சரளைக்கு ஊடே ஓடும். அந்த அடிநீரைப் பிடிக்க, ஆற்று மணலில் நீளப் பள்ளம் வெட்டி, கசிவதைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். கீழ்நாட்டுக் கொடிக்கால்கள் அனைத்தும் அந்த ஒரே ஊற்றுக்காலைக் குடித்துத்தான் வெற்றிலை விடுகின்றன. பொற்சாத்தனார் வெட்டத் தொடங்கியது அந்த ஊற்றுக்காலுக்கு நேர் மேலே, அதற்கு நீர் வரும் பக்கத்தில்.

ஆள் உயரம் வெட்டியதும் குழியில் நீர் தென்பட்டது. நீர் கண்ட இடத்தில் நிறுத்தியிருப்பார் என்று எண்ணுவோர் பொற்சாத்தனாரை அறியாதவர். நீரை இறைத்துக் கொட்டிவிட்டு மேலும் வெட்டினார். பெருவழி முடிந்தது. அது நன்றாகவே அமைந்திருக்கிறது. நம் தேர் அதில் குலுங்காமல் செல்கிறது என்பதை மறைக்க மாட்டோம். வழி போனபின் குழி எஞ்சியது. இறைப்பு நின்றதும் அடிநீர் அதில் ஊறி நிரம்பியது; நிலத்துக்குள் நிழலில் ஓடிக்கொண்டிருந்த நீர் வெயிலுக்கு முகம் காட்டிக்கொண்டு கிடந்தது.

ஒரு காலைப் பொழுதில் காவிதியார் அக்குழியின் கரையில் நின்றார். அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை அவரே நம் முன் உரைத்ததால் எழுதுகிறோம். அவருடைய பாட்டனார் மாறனேரி என்ற பேரேரியை வெட்டியவர். காவிதியார் பிறந்தது முதல் மாறனேரியார் பேரர் என்றே அழைக்கப்பட்டார். அதிகாரம் ஏற்ற பின்னும் அப்படியே. திருமணத்தின்போது வந்த வாழ்த்தோலைகளில்கூட மணமகன் பெயர் விடுபட்டு ஏரியின் பெயர் இருந்ததாம். அந்த மனத்தாங்கலோடு அவர் நிற்கையில், விடியற்கதிர் குழிநீரில் பட்டுப் பளபளத்தது. பொற்சாத்தனார் அருகில் இருந்தார்.

“என்னங்க, குழின்னு நினைச்சுப் பாக்கறீங்களா,” என்றார் பொற்சாத்தனார். “கண்ணைக் கழுவிட்டுப் பாருங்க. ஏரிங்க இது. உங்க பாட்டனாரு ஆயிரம் ஆளை வெச்சு வருசக்கணக்கா வெட்டினாரு. நீங்க ஒரு தலையசைப்புல வெட்டிட்டீங்க.”

குழியை மூட வேண்டிய பொறுப்பு பொற்சாத்தனாருடையது என்பதைச் சபையார் இவ்விடத்தில் நினைவிற்கொள்க. ஏரியாகிவிட்டால் மூட வேண்டியதில்லை.

அன்றே அக்குழி நாகமாற சமுத்திரம் ஆயிற்று. ஏரி எனப்படுவதற்குக் கரை வேண்டும், மதகு வேண்டும், அதனால் விளையும் வயல் ஒன்றேனும் வேண்டும். இச்சமுத்திரத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மண்டபம் ஒன்று இருந்தது. மண்டபத்தின் எதிரே படகு ஒன்று இருந்தது. அன்னங்கள் வேண்டுமெனக் காவிதியார் சொல்லியனுப்ப, அன்னம் கிடைக்காமல் வாத்துகள் வந்தன. அவற்றை அன்னம் என்றே அழைக்குமாறு மண்டபக் காவலர்க்கு ஆணையாயிற்று. வாத்துகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இந்நாட்டில் வெயிலீடு என்றொரு முறை உண்டு. நிலத்தடி நீரை வெயிலுக்குத் திறந்துவிட்டவன், வெயில் குடித்ததை அந்நீருக்கு உரியவர்க்கு ஈடு செய்யக் கடவன் என்பதே அது. குறைவை அறியச் சாட்சிக்கல் ஒன்று நட வேண்டும். கல்லில் ஒரு கோடு வெட்டியிருக்கும். கோடு காய்ந்தால் ஈடு கொடுக்க வேண்டும். கல்லை நட வேண்டிய இடம் ஊற்றுக்காலின் வாய். காவிதியார் ஊற்றுக்காலின் வாயைச் சென்று கண்டார். சேறாக இருந்தது, பார்ப்பவர் எவரும் இல்லை. கல்லோ நல்ல கருங்கல். கோட்டுக்கு மேலே அவருடைய பெயர் பெரிய எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது. அத்தகைய கல்லைச் சேற்றில் நட எவருக்கு மனம் வரும். ஆகவே நீர் எங்கே குறையுமோ அங்கே நிற்க வேண்டிய கல், நீர் எங்கே அழகாகத் தெரியுமோ அங்கே, சமுத்திரத்தின் நடுவில், மண்டபத்துக்கு நேர் எதிரே நடப்பட்டது.

கோடை வந்தது. கதிரவனுக்குப் பட்டங்களில் மதிப்பில்லை, சமுத்திரத்தையும் குடித்தான். கோடு காய்ந்தது. கோடு காய்ந்தால் ஈடு கொடுக்க வேண்டியவர் பொற்சாத்தனார் என்பதால் அவர் விரைந்து செயலில் இறங்கினார். ஊற்றுக்காலின் தலைப்பில், மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலை ஒன்று முளைத்தது. அங்கே இறைத்த நீர் வாய்க்கால் வழியே வந்து சமுத்திரத்தில் விழுந்தது. கோடு மறுபடி நனைந்தது.

காவிதியார் மண்டபத்தில் அமர்ந்து இதைக் கண்டார்.

“இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?”

“பூமியிலேருந்துதாங்க.”

“எதுக்கு?”

“வெயிலீடு குடுக்கறோமுங்க. வெயில் குடிச்சத ஊத்தணும்னு முறை இருக்கே. ஊத்திட்டிருக்கோம். கல்லைப் பாருங்க, நனைஞ்சிருக்கு.”

“நல்லது,” என்றார் காவிதியார். மேலும் கேட்டால் விடை கிடைத்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

இவ்வாறு, கொடிக்கால் உழவரிடமிருந்து பறித்த நீர், கொடிக்கால் உழவர்க்கு ஈடாகக் குழியில் ஊற்றப்பட்டது. அதில் ஒரு பங்கு மண்ணில் இறங்கி மறுபடி ஊற்றுக்காலுக்கு வர, அது மறுபடி இறைக்கப்பட்டது. எஞ்சிய பங்கை வெயில் குடிக்க, அதற்கும் ஈடாக ஊற்றுக்காலே மறுபடி கொடுத்தது. ஒருவன் வீட்டுக் கூரையைப் பிரித்து அதே வீட்டுக்குக் கதவு செய்து கொடுத்துவிட்டுக் கைம்மாறு எதிர்பார்க்கும் இத்தகைய ஈகையை நாம் இதற்கு முன் கேட்டதில்லை.

ஊற்றுக்காலில் நீர் நூலாயிற்று. பின் அதுவும் அற்றது. வெற்றிலைக்கொடி பொறுமையற்ற பயிர். ஓரிரு நாள் தாகத்தைத் தாங்கும், அதற்கு மேல் தலையைத் தொங்கப் போட்டுவிடும். கடைமடைக் கொடிக்கால் உடைய சடைச்சி என்பவள், பழுத்துச் சுருண்ட இலைகளை மடியில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து காவிதியார் முன் கொட்டினாள். இருக்கும் ஒரே நிலம் அக்கொடிக்கால் என்பதையும், இக்கோடையில் கொடி செத்தால் மறு நடவு நட்டு இலை காணும் வரை தன் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை என்பதையும் சொன்னாள். காவிதியார் இலைகளைப் பார்க்காமல் கல்லைக் காட்டினார். கோடு நனைந்திருப்பதால் நாட்டில் நீர் குறையவில்லை என்றும், குறையாத நீருக்கு வழக்குக் கிடையாதென்றும் விளக்கினார்.

“கல்லுக்குத் தண்ணி இருக்குங்க சாமி, இல்லேன்னு சொல்லல,” என்றாள் சடைச்சி. “கொடிக்குத்தான் இல்ல. இனிமே கல்லைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவி வாயில போட்டுக்கச் சொல்றீங்களா?”

அவளை அப்புறப்படுத்துமாறு கையசைத்துவிட்டு, காவிதியார் நமக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதன் நடை நன்றாக இருந்தது. கோடை உச்சியிலும் விரற்கடை குறையாத ஏரியைக் கண்டமையால் தமக்குச் சமுத்திரங்கண்டான் என்ற பட்டமும், அதற்குரிய குடையும் வேண்டுமென்று அதில் இருந்தது. நம் அரண்மனைக் குளம் அவ்வேளையில் பாதியாக இறங்கியிருந்தது. கடலையும் குடித்து முகிலாக்கும் ஞாயிறு நாகமாற சமுத்திரத்தை மட்டும் மரியாதை கருதி விட்டுவைத்ததோ என அறிய விரும்பி, தூதர் கண்ணந்தையாரை அனுப்பினோம்.

தூதர்க்குரிய முறையொன்று நம் நாட்டில் உண்டு. அவர் எந்த ஊருக்குச் சென்றாலும், அவ்வூர் மண்ணில் முளைத்த வெற்றிலையை அவ்வூரார் கையால் பெற்று வாயில் இட்ட பின்னரே வந்துசேர்ந்தவர் ஆவார். அதுவரை அவர் உண்ணலாம், உறங்கலாம். ஆனால் வந்தவர் அல்லர். அவரிடம் சொன்னது எதுவும் சொல்லப்பட்டதாகாது. காவிதியார் இதை அறியாதவர் அல்லர். ஆனால் மேளத்துக்கும் தோரணத்துக்கும் படகுக்குப் பட்டு விரிப்பதற்கும் ஆள் ஏவிய பரபரப்பில், வெற்றிலை நாட்டில் வெற்றிலைக்கும் ஏவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காற்றுக்கு எவரேனும் சொல்லி வைப்பரோ.

கண்ணந்தையார் படகில் அமர்த்தப்பட்டார். தாம்பாளம் வந்தது. அவர் இலையை எடுத்து, முகர்ந்து, மறுபடி வைத்தார்.

“இது இந்த ஊரு இலையா?” என்று தாம்பாளம் ஏந்தியவனைக் கேட்டார்.

“இல்லீங்க. மேல்நாட்டுச் சந்தையில வாங்கினது,” என்றான் அவன். பொய் சொல்லுமாறு அவனிடம் எவரும் சொல்லி வைக்கவில்லை. அதுவும் அப்பரபரப்பில் விடுபட்டது.

“அப்போ நான் இன்னும் வரல,” என்று கண்ணந்தையார் படகிலேயே சாய்ந்துகொண்டார்.

பட்டம் கைக்கெட்டும் தொலைவில் ஒரு வெற்றிலைக்காக நின்றதால், காவிதியார் பிறரை அனுப்பப் பொறாமல் தாமே கொடிக்காலுக்கு விரைந்தார். பல்லக்கு வேலியோடு நின்றது. செருப்பணிந்து கொடிக்காலுக்குள் புகுதல் வழக்கமில்லை. ஆகவே திருவிழாச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். வெற்றிலைத் தோட்டத்து மண் எக்கோடையிலும் காலுக்குக் குளிர்ச்சி தருவது. அன்று அது அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. தாம் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நடந்த விதத்தை, நம் அவையில் அவர் நடந்து காட்ட முற்பட்டார். சொன்னாலே போதும் என்றோம். அகத்தியில் படர்ந்திருந்த கொடிகள் பழங்கயிறு போலத் தொங்கின. வரிசை வரிசையாக நடந்தார். பச்சை என்று ஒன்றைக் காணவில்லை. கடைமடையில் சடைச்சி குந்தியிருந்தாள்.

“ஒரு கவுளி வெத்தல வேணும், சடைச்சி,” என்றார். “ஒரு கவுளிகூட வேணாம். ஒரு இலை போதும்.”

“ஒரு இலையைக் காட்டுங்க, பறிச்சுக் கையில குடுத்து, உங்க காலைக் கழுவி அனுப்பறேன்,” என்றாள் அவள். “கழுவறதுக்குத் தண்ணி மட்டும் நீங்க குடுத்துரணும்.”

“கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“மடி நிறையக் கொண்டாந்து கொட்டினேனே. நீங்கதான் கல்லைப் பாத்துட்டிருந்தீங்க.”

அப்போது கமலை உருளை கிறீச்சிடும் ஒலி காவிதியார் காதில் விழுந்தது. ஒலி வந்த திசையில் வறண்ட ஊற்றுக்காலுக்குள்ளேயே இறங்கி நடந்தார். சடைச்சி பின்னால் வந்தாள். தலைப்பில் மாடுகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஊற்றுக்காலின் கடைசிக் கசிவைத் தோற்சால் வழித்து எடுத்துச் சமுத்திர வாய்க்காலில் கவிழ்த்தது. மாடோட்டி இவரைக் கண்டதும் மகிழ்ந்து, “ஐயாவே வந்துட்டாரு, கவலைப்படாதீங்க, இன்னிக்குக் கோடு காயவே காயாதுங்க,” என்றான்.

அவ்விடத்தில்தான் தமக்கு விளங்கிற்று என்று காவிதியார் நம்மிடம் கூறினார். பாட்டனாரின் முகம் நினைவுக்கு வந்தது என்றும் கூறினார். நாம் நம்புகிறோம். விளங்கியதும் யாது செய்தீர் என்று வினவினோம்.

அவர் செய்தது இது: கமலையை நிறுத்துமாறு அக்கணமே ஆணையிட்டார். அது நன்று. அந்த நன்று, ஊற்றுக்காலிலிருந்து மண்டபத்துக்கு நடந்து வரும் தொலைவு வரை நிலைத்தது. மண்டபத்தை அடைந்ததும், ஊற்றாவிட்டால் கோடு காய்ந்துவிடும் என்பதும், காய்ந்த கோட்டைத் தூதர் காண்பார் என்பதும் நினைவுக்கு வந்தன. ஊற்றினால் வெற்றிலை இல்லை, ஊற்றாவிட்டால் சமுத்திரம் இல்லை. இரண்டு இல்லாமையையும் ஒருங்கே வெல்லும் வழி ஒன்று அவர்க்குத் தோன்றியது. கண்ணந்தையார் உண்டு மண்டபத்தில் கண்ணயர்ந்திருந்த நண்பகலில், கல்தச்சர் இருவரை இடுப்பளவு நீரில் இறக்கி, சாட்சிக்கல்லின் அடி மண்ணைத் தோண்டிக் கல்லைச் சற்றே கீழே இறக்கச் சொன்னார். நீரைக் கல்லளவுக்கு ஏற்ற இயலாதபோது கல்லை நீரளவுக்கு இறக்கும் இவ்வறிவு, முறையாகப் பயன்பட்டிருந்தால் நாட்டுக்கு எத்துணை நன்மை விளைத்திருக்கும்.

சரளை அகற்றிய குழியின் அடி, உறுதியற்ற அடி. தச்சர் சற்றே தோண்டினர். கல் சற்றே இறங்குவதோடு நில்லாமல், இதற்காகவே காத்திருந்தது போல் இறங்கிக்கொண்டே போயிற்று. கண்ணந்தையார் விழித்து நோக்கியபோது கோடும் மறைந்து, கோட்டுக்கு மேலிருந்த காவிதியார் திருப்பெயரும் மூழ்கி, கல்லின் உச்சி மட்டும் தெரிந்தது. அதன்மேல் வாத்து ஒன்று அமர்ந்திருந்தது.

“காலையில நல்லாத் தெரிஞ்ச பேரு, இப்பக் காணமே,” என்றார் கண்ணந்தையார். “மழை பெஞ்சுதா?”

காவிதியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “தேவியாரோட புண்ணியம்,” என்றார். “ஏரி சுரந்து ஏறியிருக்கு.”

கூட்டத்தில் நின்ற சடைச்சி வாய் திறந்தாள். “ஏரி ஏறலைங்க. ஐயா பேருதான் இறங்கிருச்சு.”

கூட்டம் சிரித்த சிரிப்பு ஆற்றின் மறுகரை வரை கேட்டதாகச் சொல்லப்படுகிறது. கண்ணந்தையார் சிரிக்கவில்லை, அவர் இன்னும் வந்துசேராதவர். வந்துசேராதவர் கண்டதைச் சான்றாக அவை ஏற்காது என்பதால், நடந்ததைக் காவிதியாரே மருதங்கோட்டைக்கு வந்து தம் வாயால் சொல்லட்டும் என்றும், வழியில் கதை மாறாதிருக்கச் சடைச்சி உடன் செல்லட்டும் என்றும் அவர் மண்டபத்தில் இருந்தபடியே தம் கருத்தைத் தெரிவித்தார். இருவரும் வந்தனர். பொற்சாத்தனாரையும் அழைப்பித்தோம். காவிதியார் நின்று உரைத்தார். அவர் எதையேனும் விட்டுச் சென்ற இடங்களில் சடைச்சி இருமினாள். அவர் திரும்பிச் சென்று அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

பொற்சாத்தனார் தம் தரப்பைத் தெளிவாகவே எடுத்துரைத்தார். வெயில் குடித்ததை ஈடு செய்க என்றுதான் முறையில் உள்ளதாம். எங்கிருந்து எடுத்து என்று இல்லையாம். உண்மை, இல்லை. பறிகொடுத்தவனிடமிருந்தே மறுபடி பறித்து ஈடு செய்ய ஒருவர் முன்வருவார் என்று நம் முன்னோர்க்குத் தோன்றவில்லை. அவர்கள் பொற்சாத்தனாரைக் காணும் பேறு பெறாதவர்கள். இனி அக்குறையை நீக்கி எழுதுகிறோம். அவர் அத்தோடு நில்லாமல், அருகிலேயே இன்னொரு குழி வெட்டி, அதில் ஊறும் நீரைக் கொண்டு முதற்குழியின் இழப்பை ஈடு செய்யத் தாம் ஆயத்தமாக இருப்பதாகவும் சொன்னார். அவையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அவர் அதை உடன்பாடு என எடுத்துக்கொண்டு குழியின் நீள அகலத்தைக் கூறத் தொடங்கினார், அமரச் செய்தோம்.

சடைச்சியிடம் அவள் வேண்டுவது யாதென்று கேட்டோம். “அவருக்குப் பட்டம் குடுங்க தாயே, நான் வேணாங்கல,” என்றாள். “எனக்குத் தண்ணி குடுங்க. வந்துருச்சுன்னா, அவரு என்ன பேரு வெச்சுக்கிட்டாலும் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடறேன். எனக்கென்ன வாய் வலிக்குமா?”

ஆகவே சபையார் அறிய ஆணையிடுவது:

சாட்சிக்கல்லை அது புதைந்துள்ள இடத்திலிருந்து எடுத்து, ஊற்றுக்காலின் வாயில், சேற்றில், நடக் கடவீர். எழுத்துள்ள பக்கம் மண்ணை நோக்கியும் கோடுள்ள பக்கம் உழவரை நோக்கியும் இருக்கட்டும். அக்கோடு காய்ந்தால் ஈடு கொடுக்கப்பட வேண்டும். ஈட்டு நீர் அந்த அடிநீரிலிருந்து எடுத்ததாக இருத்தல் ஆகாது.

பொற்சாத்தனார் குழியை மூடக் கடவார். நீரின் முகத்தில் வெயில் படாத அளவுக்கு மண் ஏற வேண்டும். மூடுவதற்கான மண்ணையும் கல்லையும் மேட்டுக்காட்டிலிருந்தே கொண்டுவரக் கடவார். மேடு ஏற வேண்டியிருக்கும். கமலை மாடுகளை இவ்வேலைக்குப் பூட்டலாகாது. அவை இவ்வாண்டு முழுதும் மண்டப நிழலில் நிற்கட்டும். பட்டு விரித்த படகு அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டியாகட்டும். வாத்துகளை வாத்துகள் என்றே அழைக்கலாம்.

குழி மூடும் வரைக்கும், மூடிய பின் இழந்த நீர் நிறைந்து சாட்சிக்கல்லின் கோடு தானே நனைந்து நிற்கும் வரைக்கும், ஈட்டு நீர் மாறனேரியிலிருந்து வரும். அதன் மேல்மதகைத் திறந்து, ஊற்றுக்காலுக்கு மேலுள்ள ஆற்று மணலில் நீரை விட வேண்டும். மாறனேரி நீர் பாயும் வயல்கள் அனைத்தும் காவிதியார் குடும்பத்தவை என்பதால், வேறு எவர் பயிரும் இதனால் வாடாது. இதைச் சொன்னபோது காவிதியார் முதன்முறையாக உண்மையாகவே கலங்கினார். “அது எங்க பாட்டனார் ஏரிங்க, தேவி,” என்றார். ஆம், அது ஏரி என்றோம். கேட்பதற்கு அதுவே காரணம் என்றோம்.

எஞ்சியது அவருடைய விண்ணப்பம். அதை நாம் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமாயின் தூதர் கேட்டு வந்து உரைத்திருக்க வேண்டும். தூதரோ இன்னும் உங்கள் நாட்டுக்கு வந்துசேரவில்லை. கண்ணந்தையார் காவிதியார் மாளிகையில் தங்கியிருக்கிறார், நன்றாக உண்பவர், அவருடன் சென்ற பரிவாரமும் அத்தகையதே. சடைச்சியின் கொடிக்காலில் கொடி மறுபடி தளிர்த்து, முதல் இலையை அவள் கிள்ளி, தன் கையால் தாம்பாளத்தில் வைக்கும் நாளில் அவர் வந்துசேர்ந்தவர் ஆவார். அன்றே விண்ணப்பம் கேட்கப்படும். அவள் வைக்க வேண்டும் என்று நாம் ஆணையிடவில்லை. இலை அவளுடையது, யாருக்கு, எப்போது என்பதும் அவளுடையது. காவிதியார் அவளிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்குமுன் செருப்பைக் கழற்ற வேண்டும்.

வெற்றிலை இந்நாளில் தளிர்க்க வேண்டும் என்று விதிக்க நமக்கு அதிகாரம் இல்லை. மதகை இன்றே திறக்க வேண்டும் என்று விதிக்க உண்டு, விதித்தோம். இதை வாசித்து முடித்த வாய் மூடுமுன் காவிதியார் மாறனேரிக்கு நடக்கத் தொடங்கக் கடவார், சபையார் அவர் பின்னே சென்று நீர் மணலில் இறங்குவதைக் கண்ட பின்னரே கலையக் கடவீர்.

வேங்கை முத்திரை இட்டோம். இது நம் சொல், மாற்றம் இல்லை.